என் பெயரில் பாரீஸில் ஒருத்தி

செலியமேட்டை விட்டு நான் அதிகம் போனது பாகூர் வரைக்கும்தான். வருஷத்துக்கு ஒரு முறை, தேர் சமயத்தில், வில்லியனூர் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போவேன். அதோடு சரி. ஆனால் காகிதத்தைக் கேட்டுப் பாருங்கள், அது வேறு கதை சொல்லும். தெய்வநாயகத்தின் மனைவி உமையாள் பாரீஸில் குடியிருக்கிறாள், கம்பளிக் கோட்டு போடுகிறாள், பிரெஞ்சுக்காரர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறாள் என்று சொல்லும். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட வாழ்வு! உமையாள் நான்தான். தெய்வநாயகம் என் புருஷன்தான். பாரீஸில் இருந்தவள் மட்டும் நான் இல்லை. என் மூத்தார் பக்கிரிசாமியின் பெண்டாட்டி காசம்மாள், என் பெயரைப் போட்டுக்கொண்டு அங்கே பிழைத்தாள். என் பெயரோடு அவள் நின்றிருந்தால் நான் இன்றைக்கு வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

இது விளங்க வேண்டுமென்றால் என் மாமியார் பிள்ளை பெற்ற கதையிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். என் மாமியாருக்குத் தாய்வீடு கடலூர்ச் சீமை. சீமை என்றதும் தூரம் என்று நினைக்காதீர்கள். எங்கள் கரும்புக்கொல்லை வரப்பில் நின்று கூப்பிட்டால் அங்கே காது கேட்கும். ஆனால் அந்தக் காலத்தில் வரப்புக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன், இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன். மூத்தவர் பக்கிரிசாமி வரப்புக்கு அந்தப் பக்கம் பிறந்தார். இளையவர், என் வீட்டுக்காரர் தெய்வநாயகம், செலியமேட்டிலேயே பிறந்தார். இவர் பிறப்பைப் பாகூர் மேரியில் எழுதிவைத்தார்கள். கொம்யூன் ஆபீசை எங்கள் பெரியவர்கள் மேரி என்றுதான் சொல்வார்கள். மூத்தவர் பிறப்பு இங்கே எந்த ஏட்டிலும் இல்லை.

அறுபத்திரண்டில் பிரெஞ்சுக்காரன் சட்டப்படி புதுச்சேரியை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, இங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாசம் கெடு வைத்தார்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அட்டை கிடைக்கும். முகம் ஒட்டிய அட்டை. அது கையில் இருந்தால் கப்பலேறலாம், அங்கே போய் வேலை செய்யலாம், வயசானால் பென்ஷன் வாங்கலாம். கல்யாணமாகாத சின்னப் பிள்ளைகளுக்கும் தகப்பனோடு சேர்த்தி. பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன சொல்தா வீட்டுக்காரர்கள் அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அதில் ஆசையே இல்லை. நெல்லறுத்த கையோடு கரும்பு நடவேண்டும், அவருக்கு அதுதான் உலகம். மூத்தாருக்கோ ஆசை வழிந்தது. மண்ணில் கால் வைத்தால் கழுவிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். உரிமை இருந்தவருக்கு ஆசை இல்லை, ஆசை இருந்தவருக்கு உரிமை இல்லை. ஒருநாள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூத்தார் ஆரம்பித்தார்.

"தம்பி, நீ எங்கியும் போவப் போறதில்ல. உன் பேரு சும்மாதானே கெடக்குது. அத்த எனக்குக் குடுடா. உன் பேர்ல நான் எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "எடுத்துக்கினு போண்ணா. பேருதானே, தேஞ்சா போயிடும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாங்க இது, பேரு இன்னா கழட்டிக் குடுக்கிற சட்டையா?" என்றேன். அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மூத்தார் என் பக்கம் திரும்பினார். தெய்வநாயகத்தின் பெண்டாட்டி உமையாள் என்று மேரி ஏட்டில் இருக்கிறதாம். அவர் தெய்வநாயகமாகப் போனால் காசம்மாள் உமையாளாகத்தான் போகமுடியுமாம். என் பெயரும் வேண்டுமாம்!

நான் பெயரைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். காசம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ எனக்குக் கூடப் பொறக்காத தங்கச்சிடி" என்று அழுதாள். வாக்கப்பட்டு வந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒன்றாக நிற்கும்போது எனக்கு மட்டும் தனியாக ஒரு வாய் இருந்துவிடுமா? அதனால் கொடுத்தேன். ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை.

அப்போது என் மகள் அமுதத்துக்கு ஒரு வயசு. காசம்மாள் மகள் கஸ்தூரி அவளைவிட ஒரு வயசு மூத்தவள். கஸ்தூரியும் தலைப்பிள்ளை, அவளும் தாய்வீட்டில் பிறந்தவள், காசம்மாளுக்கும் தாய்வீடு கடலூர்ப் பக்கம்தான். அப்பனுக்கு நடந்தது அப்படியே மகளுக்கும் நடந்திருந்தது. நான் தலைப்பிரசவத்துக்குப் போனது வில்லியனூர் பக்கம், அது புதுச்சேரி எல்லைக்குள். அதனால் அமுதத்தின் பிறப்பு முறையாக ஏட்டில் ஏறியிருந்தது. கஸ்தூரியை அமுதம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார்கள். நான் உலக்கையைத் தரையில் போட்டேன்.

"என் பேர எடுத்துகினு எங்க வேணாலும் போங்க. என் பொண்ணு பேரத் தொட்டீங்க, மண்ண வாரித் தூத்துவேன்!"

அய்யனார் கோயிலுக்குப் போனோம். காசம்மாள் சூடம் ஏற்றினாள். "அமுதத்து பேரு அமுதத்துக்குத்தான். அவ பெரியவளாகி வரன் வந்தா, நானே வந்து அவளுக்கு அட்டை எடுத்துக் குடுத்து, பாரீஸ் கூட்டிகினு போய் வாழ வெக்கிறேன்" என்று சொல்லி எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தாள். சத்தியம் செய்த கையைப் பிடித்து நான்தான் வெண்ணெய் தடவினேன். கஸ்தூரியை என் இடுப்பில் விட்டுவிட்டு அவர்கள் கப்பலேறினார்கள்.

நானும் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது எது, வளர்த்தது எது என்று வெளியாள் யாரும் கண்டுபிடிக்க முடியாது. கஸ்தூரிக்குக் காமாலை வந்தபோது கீழாநெல்லி பிடுங்க விடியலில் வரப்பு வரப்பாக அலைந்தேன். வயல் நண்டு வறுத்தால் அவளுக்கு ஓட்டை நான்தான் கடித்து எடுத்துத் தரவேண்டும், இல்லாவிட்டால் தொடமாட்டாள். என்னை "எம்மா" என்பாள். பெற்றவளை "பாரீஸ் அம்மா" என்பாள். பாரீஸ் அம்மா எப்போதாவது ஒரு பொட்டலம் அனுப்புவாள். அதில் கஸ்தூரிக்கு ஒரு கவுன், அமுதத்துக்கு ஒரு சோப்பு இருக்கும். சரி, பெற்ற மனசு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எண்பதாம் வருஷம் தை மாசம் அவர்கள் வந்து இறங்கினார்கள். மூத்தார் தொப்பையும் தொப்பியுமாக இருந்தார். காசம்மாளுக்குத் தலைமுடியைக் கத்தரித்துவிட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. அவரவர் வீட்டிலும் ஏதாவது ஒன்று இருந்தது, அதனால் யாரும் பேசவில்லை.

வந்தவர்கள் வாக்கை மறக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். வரன் பார்த்ததே மூத்தார்தான். திருக்கனூரில் மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருக்கும் கண்ணையன் என்பவரின் மகன் கோவிந்தராஜ். எங்கள் பக்கம் பிரெஞ்சு அட்டை உள்ள பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அவளைக் கட்டினால் மாப்பிள்ளையும் பாரீஸ் போகலாம். பெண் வீட்டில் ஒரு குந்துமணி தங்கம் போட வேண்டாம், அவர்களே போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். கண்ணையன் வந்து அமுதத்தைப் பார்த்தார். "பொண்ணு லட்சணமா இருக்குது. அட்டை மட்டும் கைக்கு வந்துடட்டும், வைகாசியில முடிச்சிடலாம்" என்றார். மாப்பிள்ளைப் பையன் தலை நிமிராமல் கேசரியைச் சாப்பிட்டான். அமுதம் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூடச் சிரித்தாள்.

அட்டைக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் இரண்டு பெண்களையும் பாகூர் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். என் ஜிமிக்கியைக் கழற்றி அமுதத்துக்குப் போட்டுவிட்டேன். "எம்மா, எனக்கும் அந்த ஜிமிக்கி போட்டுகினு ஒரு போட்டோ எடுக்கணும்மா" என்றாள் கஸ்தூரி. "அமுதம் எடுத்ததும் வாங்கிப் போட்டுக்கடி" என்றேன்.

பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சு ஆபீசுக்குப் பெண்ணை நேரில் கூட்டிக்கொண்டு போக வேண்டிய நாள் வந்தது. அன்றைக்குக் காலையில் அமுதம் வீட்டுக்கு விலக்காகிவிட்டாள். "மொத மொத நல்ல காரியத்துக்குக் கெளம்பறோம், தீட்டோட வேணாம்டி, வேற நாள் கேட்டுக்கலாம்" என்றாள் காசம்மாள். பாரீஸில் இத்தனை வருஷம் இருந்தவளுக்குத் தீட்டு ஞாபகம் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்கூட! எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் பெண்கள் பஸ் ஏறமாட்டார்கள். நானும் தலையாட்டினேன். ஆபீசில் வேறு நாள் கேட்டு வருகிறோம் என்று மூத்தாரும் காசம்மாளும் கிளம்பினார்கள். கஸ்தூரி பீச் பார்க்க வேண்டும் என்று கூடப் போனாள். என் வீட்டுக்காரரும் போனார். சாயந்தரம் வந்து, "காகிதமே போதும்னுட்டாங்க, நேர்ல வர வேணாமாம்" என்றார் மூத்தார். என் வீட்டுக்காரர் நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

வைகாசிக் கல்யாணத்துக்கு முன்னால் பாகூரில் பதிவு வைத்தார்கள். நான் அங்கே வரக்கூடாது என்று மூத்தார் சொன்னார். அதில் நியாயம் இருந்தது. அட்டைப்படி உமையாள் காசம்மாள்தான், இரண்டு உமையாள் போய் நின்றால் வம்பு. பெற்ற பெண்ணின் பதிவுக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும்! சரி, என் பெண் வாழப் போகிறாள், நான் எங்கே இருந்தால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அமுதத்துக்குத் தலை வாரி, கதம்பம் வைத்து, என் கூறைப் புடவையைக் கட்டி அனுப்பினேன். வேனில் எல்லாரும் போனார்கள். நான் பாயசத்துக்குப் பால் காய்ச்சினேன்.

பால் பொங்கி அடங்குவதற்குள் வாசலில் நிழல் தட்டியது. அமுதம் நின்றாள். தனியாக வந்திருந்தாள். புடவைக் கரையெல்லாம் புழுதி.

"இன்னாடி? இன்னா ஆச்சி?"

"போவ சொல்லிட்டாங்கம்மா. பாதி வழியில எறக்கி வுட்டுட்டாங்க. அட்டையில இருக்கிறது கஸ்தூரி மூஞ்சியாம். பதிவும் அவளுக்குத்தானாம். பெரியம்மா சொன்னாங்க, நீ வந்தா பேஜாரு, வூட்டுக்குப் போன்னு."

"உங்கப்பா இன்னாடி பண்ணாரு?"

"ஜன்னல் பக்கம் திரும்பிகினாரு."

நான் நம்பவில்லை. பெற்ற பெண் சொன்னதை நம்பவில்லை. சூடம் அணைத்த கையை நம்பினேன். ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் நடையும் ஓட்டமுமாகப் பாகூர் போய்ச் சேர்ந்தேன்.

ஆபீசில் மேசைக்கு முன்னால் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தார், காசம்மாள், கண்ணையன், மாப்பிள்ளைப் பையன். அவன் பக்கத்தில் பட்டுப்புடவையில் கஸ்தூரி. என் வீட்டுக்காரர் புது வேட்டியோடு சுவர் ஓரமாக நின்றிருந்தார். பதிவு எழுதுகிறவர் காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்தவர், எங்களில் யாரையும் தெரியாது. மேசையில் மூன்று அட்டைகள் கிடந்தன. நான் போய்ப் புது அட்டையை எடுத்தேன். எனக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியாது. தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். முகம் தெரியும். அட்டையில் கஸ்தூரியின் முகம் இருந்தது. காதில் என் ஜிமிக்கி.

"யாரும்மா நீங்க? அதை வைங்க" என்றார் எழுதுகிறவர்.

"நான்தாங்க உமையாள். பொண்ணப் பெத்தவ. இதோ நிக்கிறா பாருங்க, இவதான் அமுதம். மணையில ஒக்கார்ற மாதிரி ஒக்காந்துகினு இருக்கிறது எங்க மூத்தார் பொண்ணு கஸ்தூரி."

அவர் அட்டைகளைப் பார்த்தார், காசம்மாளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அம்மா, உமையாள்னு போட்ட அட்டையில இவங்க படம்தான் இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"ரேஷன் அட்டை இருக்குதுங்க. வூட்ல."

"அதுல படம் இருக்காதேம்மா. அது நீங்கதான்னு நான் எப்படி எழுதுறது?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு முன்னால் அட்டை இருந்தது, நான் வெறும் ஆளாக நின்றேன். அவர் கஸ்தூரியிடம் கேட்டார். "நீ சொல்லும்மா. இவங்க உனக்கு யாரு?"

கஸ்தூரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குத் தைரியம் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். வளர்த்த பிள்ளை, காமாலையில் என் மடியில் கிடந்த பிள்ளை, இது பொய் சொல்லாது என்று நினைத்தேன்.

"எங்க பெரியம்மாங்க" என்றாள் அவள். "பேரு காசம்மாள்."

கேட்டீர்களா? எம்மா எம்மா என்று கூப்பிட்ட வாயால், என்னைப் பெரியம்மாவாக்கி, என் பெயரை எடுத்துக்கொண்டவளின் பழைய பெயரை என் தலையில் கட்டினாள். அதில் ஒரு தடுமாற்றம் இல்லை. வீட்டில் யாரோ அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் களத்தில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தபோது நடந்திருக்கும்.

கண்ணையன் பக்கம் திரும்பினேன். "ஐயா, நீங்க எங்க வூட்டுக்கு வந்து பார்த்தது இந்தப் பொண்ணத்தானே? உங்க கண்ணால பார்த்தீங்களே?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் அமுதம்ங்கற பொண்ணப் பார்த்தேன். அட்டையிலயும் அமுதம்னுதான் போட்டிருக்குது. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதாம்மா." பையன் அன்றைக்குக் கேசரித் தட்டைப் பார்த்ததுபோலவே இன்றைக்குத் தரையைப் பார்த்தான். அவர்களுக்கு வேண்டியது அட்டை, அது எந்த முகத்தில் ஒட்டியிருந்தால் என்ன?

"அக்கா!" என்று காசம்மாளைப் பார்த்துக் கத்தினேன். "அய்யனார் கோயில்ல அணைச்ச கையக் காட்டுக்கா!"

அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கை தெரியவில்லை.

எழுதுகிறவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார். சுவர் ஓரம் நின்ற என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "ஐயா, நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்தானே? இவங்க சொல்றது நிஜமா? முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க."

எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவு நேரம் எனக்கு ஏன் இது தோன்றவில்லை? இவர் தன் பெயரைச் சொன்னால் போதும். வேறு எதுவும் பேச வேண்டாம். நாலு எழுத்து, ஐந்து எழுத்து, எத்தனை இருக்கிறதோ அதைச் சொன்னால் போதும், என் பெண்ணுக்கு எல்லாம் திரும்பி வந்துவிடும்.

"சொல்லுங்க" என்றேன். "உங்க பேரச் சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இவரைப் பார்க்கவில்லை, தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுதம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து "எப்பா" என்று ஒரு தரம் கூப்பிட்டாள்.

"பக்கிரிசாமி" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "இவ என் பொண்டாட்டிதாங்க. காசம்மாள். கொஞ்ச நாளா மனசு சரியில்ல. மன்னிச்சிடுங்க" என்றார்.

அதற்கப்புறம் எழுதுகிறவர் பேனாவை எடுத்தார். தகப்பன் தெய்வநாயகம், தாய் உமையாள், மகள் அமுதம் என்று உரக்கப் படித்துக்கொண்டே எழுதினார். என் மகள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நின்ற இடத்திலேயே அவள் பெயருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இனி நாளைக்கு ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ள வந்தாலும், அமுதம் என்று ஏட்டில் எழுத முடியாது. அந்த அமுதம் இன்னொருத்தன் பெண்டாட்டி. அட்டை போனது, மாப்பிள்ளை போனான். பெயராவது மிச்சமாகும் என்று பார்த்தால் அதையும் வழித்து எடுத்துக்கொண்டார்கள்.

"வாம்மா, வூட்டுக்குப் போலாம்" என்றாள் அமுதம். அவள் அழவில்லை. வழியெல்லாம் நான்தான் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு வந்தேன். தூற்றிய மண் என் தலையிலேயே விழுந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அந்த மனுஷன் வந்தார். அண்ணன் குடும்பம் திருக்கனூரிலேயே தங்கிவிட்டதாம், கல்யாணமும் அங்கேதானாம். கையில் ஒரு இனிப்புப் பெட்டி இருந்தது. பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசல்படியில் நின்றார்.

"அண்ணன் கையப் புடிச்சிகினு அழுதாரு உமையா. கஸ்தூரிக்கு எந்த ஏட்டுலயும் பேரு இல்ல, அவளுக்கு வேற வழியே இல்லன்னாரு. நம்ம பொண்ணுக்கு நான் இருக்கேன், நெலம் இருக்குது. அந்தப் பொண்ணுக்கு இன்னா இருக்குது?"

"எனக்கு எப்பச் சொல்லலாம்னு இருந்தீங்க?"

"ஆபீசுல நான் நெசத்தச் சொல்லியிருந்தா நாலு பேரும் கம்பி எண்ணியிருப்போம். யோசிச்சிப் பாரு" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, நல்ல யோசனை சொல்கிறவர்போலச் சொன்னார். "இனிமே நம்ம பொண்ணக் கஸ்தூரின்னு சொல்லிக்கலாம். ரேஷன் அட்டையில ஒரே ஒரு கஸ்தூரிய மட்டும் வெச்சிக்கலாம். ஊருக்கும் சொல்லிடலாம். இன்னா இப்போ? பேருதானே, தேஞ்சா..."

"யோவ், நிறுத்து!" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "நீ யாருய்யா?"

"இன்னாடி?"

"பாகூர்ல அத்தினி பேரு முன்னாடி சொன்னியே, நீ பக்கிரிசாமின்னு. நான் தெய்வநாயகத்துக்கு வாக்கப்பட்டவ. பொழுது போன நேரத்துல புருஷனோட அண்ணனுக்கு என் வூட்ல இன்னா வேலை?"

அவர் ஒரு கால் உள்ளே வைத்தார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். உள்ளே அமுதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கூறைப் புடவையை இன்னும் மாற்றவில்லை. காலையில் காய்ச்சிய பால் திரிந்து போயிருந்தது. அதைக் கொட்டிவிட்டுச் சோறு போட்டு அவள் முன்னால் வைத்தேன். "சாப்புடு அமுதம்" என்றேன். சும்மா இன்னொரு தடவை, "அமுதம், சாப்புடு" என்றேன்.

வெளியே கதவு தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் தட்டினார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதாம்.

"யாரு?" என்று உள்ளே இருந்தே கேட்டேன்.

தட்டுவது நின்றது. நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பெயரைச் சொன்னால் திறந்திருப்பேன். அந்த மனுஷன் கடைசிவரை சொல்லவே இல்லை.